நான் கட்டி நான் உடைத்த ஏரி

மூன்று கோட்டை, இரண்டு அரண்மனை, ஒரு சிறைச்சாலை, ஒரு பாய்மரக் கப்பல், அசோகர் தூண் ஒன்று, ராக்கெட் ஒன்று, பனி விழுகிற இமயமலை ஒன்று. தீப்பிடித்து எரியும் குடிசை எத்தனை என்று கணக்கில்லை. போன வருஷம் ஒரு ஏரி. இவ்வளவையும் கட்டியவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை.

கட்டியதெல்லாம் பள்ளிக்கூட மேடையில், ஆண்டுவிழா நாடகத்துக்கு. என் கோட்டைக்கு ஆயுசு இருபது நிமிஷம். அதற்குள் ராஜா செத்து, திரை விழுந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் டான்ஸுக்கு மேடை காலியாக வேண்டும். கருங்கல்லில் கட்டியவர்கள் ஆயிரம் வருஷம் நிற்கிற மாதிரி கட்டினார்கள், ஒப்புக்கொள்கிறேன். இருபது நிமிஷம் நிற்க வேண்டும், இரண்டு நிமிஷத்தில் பிரிய வேண்டும், நடுவில் ராஜா சாய்ந்தால் விழக் கூடாது என்று அவர்களிடம் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

எதை வைத்துக் கட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சவுக்குக் கழி, சணல் கயிறு, கோணிப்பை, யாரோ ஒருவருடைய பிறந்தநாளுக்கு வைத்துக் கழற்றிப்போட்ட ஃபிளெக்ஸ் பேனர். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் மேடை இருந்தால் கூரை இருக்காது. கூரை இருந்தால் பிளக் பாயிண்ட் இருக்காது. பிளக் பாயிண்ட் இருந்தால் அதில் கரண்ட் இருக்காது. ஆர்டர் வருவதோ முந்தின நாள் சாயங்காலம். "அண்ணே, நாளைக்கு ஒரு அரண்மனை வேணும்" என்பார்கள், அரைக் கிலோ தக்காளி கேட்கிற மாதிரி. மறுநாள் காலையில் அரண்மனை இருக்கும். தர்பாரில் தொங்குகிற விளக்கு உட்பட.

என் தொழில் மைக் செட். வில்லியனூர் பக்கம் பிறந்தவன், பொண்ணு எடுத்த வகையில் பாகூர் பக்கம் வந்தவன். குழாய் ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு பனைமரம் ஏறிக் கட்டுகிற வேலையில் ஆரம்பித்தேன். இன்று நெட்டப்பாக்கத்திலிருந்து சோரியாங்குப்பம் வரைக்கும் எந்த வீட்டில் காதுகுத்தானாலும் வாசலில் எரிகிற சீரியல் லைட் என்னுடையது. கடை சொந்தம். வண்டி இரண்டு. எல்லாம் இந்தக் கையால் வந்தது. இதை என் மனைவி படித்தால், "இல்லன்னு நான் சொன்னனா? உன் கையால வந்ததுன்னா வந்துதுதான், அத ஏன் எழுதற?" என்பாள். எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும்?

நாடகத்துக்குள் நான் வந்தது ஒரு நிலாவால். ஒரு பள்ளிக்கு மைக் போடப் போயிருந்தேன். நாடகத்தில் பௌர்ணமி வர வேண்டுமாம். வாத்தியார் ஒரு அட்டையில் மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டுக்குப் போய் வெள்ளை பிளாஸ்டிக் பேசின் ஒன்றை எடுத்து வந்தேன். உள்ளே ஒரு பல்பு, பின்னால் கறுப்புத் துணி. மேடைக்குப் பின்புறம் சவுக்குக் கழியில் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினேன். கூட்டமே "ஆ" என்றது. கரண்ட் பில் கட்டியவர்கள்தான், பல்பைப் பார்க்காதவர்கள் இல்லை. இருந்தாலும் "ஆ" என்றார்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தக் கிறுக்கு.

வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்டாள். "மாவு கரைக்கற பேசின் எங்க?"

"நெலாவா பூட்டுது."

"நாளைக்கி இட்லிக்கு அமாவாசைதான்" என்றாள். அப்படியே ஆனது.

தொழிலை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தப்புச் செய்து கற்றேன். தெர்மாகோலில் அசோகர் தூண் செதுக்கினேன். நான்கு சிங்கமும் தத்ரூபம். தங்கக் கலர் ஸ்பிரே அடித்தேன். ஸ்பிரே பட்ட இடமெல்லாம் தெர்மாகோல் கரைந்து, சிங்கத்தின் மூக்கு முதலில் போனது, பிறகு தாடை. நாடகம் தொடங்கும்போது அங்கே நான்கு பூனைகள் இருந்தன. இன்னொரு தடவை கோட்டைச் சுவரை ஃபிளெக்ஸின் பின்பக்கத்தில் வரைந்தேன். கல் கல்லாக, இடுக்கில் பாசி முதற்கொண்டு வரைந்தேன். கோட்டைக்குள் விளக்கு எரிய வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு லைட்டைப் போட்டேன். போட்டதும் சுவருக்குள்ளிருந்து ஒருவர் கும்பிட்டுச் சிரித்தார். பேனரின் முன்பக்கத்தில் இருந்த பிறந்தநாள்காரர். கூட்டத்தில் அவருடைய ஆட்கள் இருந்தார்கள், எழுந்து விசில் அடித்தார்கள். ராஜாவுக்கு அன்று அத்தனை கைதட்டல் இல்லை. அதிலிருந்து ஃபிளெக்ஸுக்குப் பின்னாலிருந்து நான் வெளிச்சம் போடுவதில்லை.

வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிற மெஷின் டவுன் அரங்கங்களில் இருக்கிறது. என்னிடம் முறம் இருக்கிறது. ஹாலஜன் லைட்டுக்கு ஆரஞ்சுக் கண்ணாடித்தாள் கட்டி, முன்னால் முறத்தை வைத்து மறைத்துக்கொண்டு, மெதுவாகக் கீழே இறக்கினால் விடியும். மெதுவாக மேலே ஏற்றினால் பொழுது சாயும். டவுன்காரன் மெஷினில் நம்பரைத் திருப்புகிறான். நான் நடிக்கிற பிள்ளையின் மூச்சைப் பார்த்துக்கொண்டு கையை அசைக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

இவ்வளவு செய்தும் என் பேர் எங்கும் வந்ததில்லை. அழைப்பிதழில் தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வரவேற்பவர், வாழ்த்துபவர், தொகுப்பவர் என்று ஒரு ஊரே இருக்கும். விழா முடிவில் நன்றியுரை சொல்கிறவர் ஒரு தாளைப் பார்த்து வாசிப்பார்: "குடிநீர் வழங்கியவருக்கும், நாற்காலி போட்டவர்களுக்கும், ஒலி ஒளி அமைத்தவர்களுக்கும், அமைதி காத்த பெற்றோருக்கும் நன்றி." அமைத்தவர்கள் யார்? அங்கே இருந்தது நான் ஒருத்தன். கூட வயரிங் ஆள் ஒருத்தர், என் வயசுக்காரர். அவர் பாதி நேரம் டீக்கடையில் இருப்பார். இமயமலையைக் கட்டியவனும் தண்ணீர் கேன் இறக்கியவனும் ஒரே மூச்சில் போய்விடுகிறோம். தண்ணீர் கேன் குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. மலையும் கேனும் ஒன்றில்லை, அவ்வளவுதான்.

இனி ஏரிக்கு வருகிறேன்.

பாகூர் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளி. அங்கே ஒரு தமிழ் வாத்தியார், கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவர், வயது முப்பது இருக்கும். போன வருஷ ஆண்டுவிழாவுக்கு அவரே ஒரு நாடகம் எழுதினார். ஏரிக்கரை உடைந்து ஊர் மூழ்குகிற கதை. ஊர்ப்பெரியவர் ஒருத்தர் கரை பலமாக இருக்கிறது என்று சாதிப்பார், யார் சொல்லியும் கேட்க மாட்டார், கடைசியில் கரை உடையும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஏரி என்றால் விளையாட்டில்லை. நெல்லும் கரும்பும் அதை நம்பித்தான். வாத்தியார் கடைக்கு வந்து, நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார்.

"அண்ணே, கடைசியில கரை ஒடையுது. தண்ணி வரணும்."

"டேங்கர் சொல்லிரலாமா?"

"சும்மா இருங்கண்ணே. தண்ணி இல்லாம தண்ணி வரணும். ஜனங்க நம்பணும்."

"வரும்" என்றேன். "ஆனா இந்த வாட்டி எம் பேரு வரணும். ஏரி நான், எம் பேரு நீங்க."

அவர் நல்ல மனுஷன். நேரே தலைமையாசிரியையிடம் அழைத்துப் போனார். அந்த அம்மா கறாரான ஆள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாடகம் முடிஞ்சதும் மைக்ல சொல்லச் சொல்றேன், சரியா?" என்று ஒரு சீட்டை எடுத்து எழுதினார். கையில் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'அரங்க அமைப்பு, ஒளி அமைப்பு' என்று போட்டு என் பேர். இனிஷியல் இல்லை. கேட்டேன். சேர்த்துக் கொடுத்தார். அந்தச் சீட்டு, நிகழ்ச்சி தொகுக்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் போனது. அதை அவள் தன் அட்டையில் கிளிப் போட்டு வைத்ததைப் பார்த்த பிறகுதான் நான் கழி வெட்டப் போனேன்.

கரையைச் சவுக்குக் கழியில் கட்டினேன். மேலே கோணிப்பை, அதற்கு மேலே நிஜமான ஏரி மண்ணைக் குழைத்துப் பூசினேன். காய்ந்து வெடித்தது பாருங்கள், நிஜக் கரை தோற்றது. நடுவில் பிளைவுட்டில் ஒரு மதகு. கரைக்குப் பின்னால்தான் சூட்சுமம். பந்தலில் பக்கவாட்டுக்குக் கட்டுகிற நீலத் துணி என் கிடங்கில் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதை ஒன்றோடொன்று தைத்து, கரைக்குப் பின்னால் சுருட்டிப் போட்டேன். கரை உடைந்ததும் பிள்ளைகள் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, தரையில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தின் தலைக்கு மேலாக ஓட வேண்டும். ஏரி ஊருக்குள் வர வேண்டும். பையன்களை வைத்து முதலில் ஓட்டிப் பார்த்தேன், இழுத்துக் கிழித்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேரை வைத்தேன். துணியில் ஒரு சுருக்கமில்லை.

அந்த நேரத்தில் மேடை லைட் எல்லாம் அணைந்து, ஒரே ஒரு நீல லைட் தரையோடு தரையாக எரிய வேண்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. மேலேயிருந்து அடித்தால் அது துணி. தரையோடு அடித்தால் அது தண்ணீர். மேடும் பள்ளமும் நிழல் விழுந்து அலை அடிக்கும்.

பாக்கி ஒன்றுதான், எப்போது ஓட வேண்டும் என்று பெண்களுக்கு எப்படிச் சொல்வது? வாத்தியார், "கரை ஒடைஞ்சிபோச்சி" என்ற வசனத்தைக் கேட்டு ஓடட்டும் என்றார். ஸ்பீக்கரெல்லாம் கூட்டத்தைப் பார்த்து இருக்கிறது, கரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இரைச்சல்தான் கேட்கும், வசனம் கேட்காது. நாற்பது வருஷம் ஸ்பீக்கர் கட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா? ஆகவே நான் ஒரு ஏற்பாடு செய்தேன். பள்ளி மதில் சுவருக்கு அந்தப் பக்கம் காலி பெயிண்ட் டிரம்முக்குள் ஒரு அணுகுண்டு வெடி. நான் டார்ச் அடித்துக் காட்டினால் என் வயரிங் ஆள் கொளுத்துவார். கரை உடைகிற சத்தத்துக்குச் சத்தமும் ஆச்சு, பெண்களுக்குக் குறியும் ஆச்சு.

"வெடிச் சத்தம் கேட்டா ஓடணும். வேற எதையும் யோசிக்கக் கூடாது. புரியுதா?" என்றேன்.

"தாத்தா, பயந்தா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பயந்தாலும் முன்னால ஓடு."

ஒத்திகையில் ஒரு வெடி வைத்துப் பார்த்தோம். பெண்கள் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாய்ந்தார்கள். ஆபீஸ் ரூமிலிருந்து தலைமையாசிரியையும் ஓடி வந்தார். திட்டு வாங்கினாலும் ஏற்பாடு பக்கா என்று தெரிந்துவிட்டது.

இங்கேதான் நான் ஒன்றை மறந்துபோனேன். எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் யார் வந்தாலும் கேட்டில் வெடி வெடிக்கும். கல்யாண மாப்பிள்ளைக்கு வெடி, சாமிக்கு வெடி, சாவுக்கு வெடி, சிறப்பு விருந்தினருக்கு வெடி. அந்தச் சத்தம் கேட்டதும் லைட் முழுதும் போட வேண்டியது மைக் செட்காரன் கடமை. வருகிறவர் முகம் தெரிய வேண்டும், பொன்னாடை தெரிய வேண்டும், போட்டோ விழ வேண்டும். மேடையில் என்ன நடந்தாலும் நிற்கும். எனக்கு அது கையிலேயே ஊறிய பழக்கம். அப்படிப்பட்ட நான் மறந்தேன். பெரிய வேலை செய்கிறவனுக்குத்தான் பெரிய மறதி வரும். சின்ன வேலைக்காரன் எதை மறக்கப் போகிறான்?

விழா அன்று சிறப்பு விருந்தினர் ஐந்து மணிக்கு வருவதாக இருந்தது. ஆறரை ஆகியும் வரவில்லை. எட்டு மணி ஆகும் என்று போன் வந்தது. பிள்ளைகள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள்? "நாடகத்த ஆரம்பிங்க" என்றார் தலைமையாசிரியை. பொழுதும் நன்றாக இருட்டிவிட்டது. நான் கூட்டத்துக்கு ஓரமாக மேஜை போட்டு, சுவிட்ச் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆரஞ்சு லைட், மடியில் முறம்.

நாடகம் நல்லபடியாகப் போனது. பொழுது சாய்கிற ஆரஞ்சு வெளிச்சத்தில் ஊர்ப்பெரியவர் கரைமேல் ஏறி நின்றார். பத்தாம் வகுப்புப் பையன், ஒட்டு மீசை, தோளில் துண்டு. "இது இரும்புக் கரைபா. எங்கப்பன் காலத்துலேர்ந்து பாத்துனு வரன். ஒண்ணும் ஆவாது. எல்லாம் போயி வூட்ல தூங்குங்க" என்றார். இதற்குப் பிறகு இரண்டு பக்கம் வசனம் பாக்கி. ஒரு கிழவி வந்து கெஞ்ச வேண்டும், இளைஞர்கள் சண்டை போட வேண்டும். அதெல்லாம் முடிந்துதான் கரை உடைய வேண்டும்.

"தூங்குங்க" என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை. கேட்டில் வெடித்தது.

விருந்தினர் எட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி ஏழுக்கே வந்துவிட்டார். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் அதற்கு முன்னால் நடக்காத காரியம்.

பெண்கள் ஓடினார்கள். வேறு எதையும் யோசிக்காதே என்று சொன்னவன் நான்தானே. கரைக்கு மேலே நீலம் எழும்பியது. அதே நேரத்தில் விளையாட்டு ஆசிரியர் என் மேஜைக்கு ஓடி வந்தார்.

"அண்ணே, வந்துட்டாரு. லைட்டப் போடுங்க. எல்லா லைட்டும்."

முன்வரிசையில் தலைமையாசிரியை பொன்னாடையோடு எழுந்து, என்னைப் பார்த்துக் கையை மேலே மேலே தூக்கிக் காட்டினார். வெளிச்சம், வெளிச்சம்.

என் இடது கை தன்னால் ஹாலஜன் சுவிட்சுக்குப் போய்விட்டது. போட்டால் மேடம் சந்தோஷம். விருந்தினர் சந்தோஷம். தொகுப்பாளர் பெண் அந்தச் சீட்டைப் படிப்பாள், என் பேர் இனிஷியலோடு நான்கு ஸ்பீக்கரில் வரும், முன்வரிசையில் இருக்கிற என் மனைவி கேட்பாள். ஆனால் அந்த வெளிச்சத்தில் ஏரி துணியாகிவிடும். ஏதோ கல்யாணத்தில் சாம்பார் பட்ட கறை தெரியும். தையல் தெரியும். ஓடுகிற பிள்ளைகளின் கால் தெரியும். மண்ணைக் குழைத்து நான் பூசிய கரை கோணிப்பையாகிவிடும்.

இடது கையை எடுத்துவிட்டேன். வலது கையால் எல்லாவற்றையும் அணைத்து நீல லைட்டைப் போட்டேன்.

நான் சொல்கிறேன், அந்த மாதிரி ஒரு ஏரியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இருட்டுக்குள் தண்ணீர் மேடையிலிருந்து இறங்கி, பிள்ளைகளின் தலைக்கு மேல் அலையடித்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கையைத் தூக்கித் துணியைத் தள்ள, அலை இன்னும் பெரிதானது. நடுப்பாதையில் விருந்தினரும் அவருடைய ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நீல வெளிச்சத்தில் வெள்ளை தனியாக மின்னும். ஏரி நேரே போய் அவர்களை மூடியது. பத்துப் பன்னிரண்டு கைகள் தண்ணீருக்கு மேலே எழும்பித் தவித்தன. ஒத்திகையில் இல்லாத காட்சி. காசு கொடுத்தாலும் கிடைக்காது. கூட்டத்தில் கரும்பு போடுகிற ஒருவர் நிஜமாகவே எழுந்து, "டேய், மதகத் தொறங்கடா, ஆளு போவுது" என்று கத்தினார்.

மேடையில் ஊர்ப்பெரியவர் வேஷத்துப் பையன் தனியாக நின்றான். இரண்டு பக்க வசனம் கையில், ஏரி கையை விட்டுப் போய்விட்டது. என்ன செய்வான்? கரைமேல் அப்படியே உட்கார்ந்தான். தலையில் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "நான் சொன்னது தப்பா பூட்டுதே."

நோட்டில் இல்லாத வசனம். மைக் பிடித்துவிட்டது. கூட்டம் சட்டென்று அடங்கியது. அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரியும், எப்போதாவதுதான் வரும். ஆரஞ்சு லைட்டைப் போட்டு, முன்னால் முறத்தைப் பிடித்து, அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டே இறக்கினேன். விடிந்தது. உடைந்த கரைமேல் ஒரு ஆள். திரை போட்டார்கள். இருபது நிமிஷ நாடகம் பதினோரு நிமிஷத்தில் முடிந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பிறகு முழு வெளிச்சம் போட்டேன். விருந்தினர் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தார், முடி கலைந்து, நெற்றியில் வைத்த குங்குமம் மூக்குவரை இழுத்துக்கொண்டு. பெண்கள் துணி ஓரத்தை விடாமல் வரிசையாக நின்றார்கள், சொன்ன சொல் தவறாதவர்கள்.

தலைமையாசிரியை என் மேஜைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"வெளிச்சம் போடச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"ஏன் போடல?"

"போட்டிருந்தா ஏரி துணியா பூட்டிருக்கும் மேடம்."

அவர் திரும்பினார். நேரே தொகுப்பாளர் பெண்ணிடம் போனார். அட்டையிலிருந்து சீட்டை உருவினார். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், கேட்டது. அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அடுத்து ஒன்றாம் வகுப்பு மாணவ மாணவியரின் நடனம்" என்றாள்.

விருந்தினர் பெரிய மனசுக்காரர். பேச எழுந்ததும், "இந்த ஊர் ஏரிய வெளியேர்ந்து பாத்திருக்கேன். இன்னிக்கித்தான் உள்ள முழுகி எழுந்தேன்" என்றார். கூட்டம் சிரித்தது. இவ்வளவு திறமை இருக்கிற பிள்ளைகள் வெட்டவெளியில் நடிக்கலாமா, இந்தப் பள்ளிக்குக் கூரை போட்ட கலையரங்கம் கட்ட ஏற்பாடு செய்கிறேன் என்றார். திரும்பி, "இந்தத் தண்ணி யோசனை யாருது?" என்று கேட்டார்.

தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தார். "எங்கள் தமிழாசிரியரும் மாணவர்களும்."

தமிழ் வாத்தியார் எழுந்து என் பக்கம் கையைக் காட்டினார். போட்டோக்காரர் அதை அவர் கூட்டத்துக்குக் கையசைக்கிறார் என்று நினைத்து எடுத்தார். நன்றியுரையில் வழக்கம்போல, குடிநீர், நாற்காலி, ஒலி ஒளி அமைத்தவர்கள், அமைதி காத்த பெற்றோர். அன்றைக்குப் பெற்றோர் அமைதி காக்கவே இல்லை, அவர்களுக்கும் நன்றி.

துணியைச் சுருட்டி வண்டியில் ஏற்றினேன். என் வயரிங் ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் டார்ச்சுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். "எப்பப்பா ஒடையும்?" என்றார். அந்த அணுகுண்டு வெடிக்காமல் இன்னும் என் கடை அலமாரியில் இருக்கிறது.

வீட்டுக்குப் போகும்போது மனைவி சொன்னாள். "ஒரு சுச்சிதான? போட்டிருந்தா உன் பேரு வந்திருக்கும்."

"போட்டிருந்தா நீ கை தட்டியிருப்பியா?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தட்டியிருக்க மாட்டன்" என்றாள்.

சொன்னபடி விருந்தினர் கலையரங்கத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார். போய்ப் பார்த்தேன். கூரை இருக்கிறது, பிளக் பாயிண்ட் இருக்கிறது, அதில் கரண்டும் இருக்கிறது. லைட் மாட்ட உத்தரத்தில் கொக்கி எங்கே வர வேண்டும் என்று மேஸ்திரிக்குச் சொன்னவனும் நான்தான், யாரும் கேட்காமலே போய்ச் சொன்னேன். அடுத்த மாதம் திறப்பு விழா. முகப்பில் கறுப்புக் கல் பதிக்க இடம் விட்டிருக்கிறார்கள். கல்லில் வெட்டப்போகிற பேர்ப்பட்டியலைத் தமிழ் வாத்தியார் ரகசியமாகக் காட்டினார். பதினேழு பேர். சுண்ணாம்பு அடித்த ஆளுக்கு மேஸ்திரியாக இருந்தவருடைய அண்ணன் பேர்கூட ஏதோ ஒரு வகையில் இருக்கிறது.

நேற்று அதே வாத்தியார் மறுபடி கடைக்கு வந்தார். "அண்ணே, திறப்பு விழாவுல அந்த நாடகத்த மறுபடி போடணும்னு விருந்தினர் ஆசப்படறாரு. மேடம் கேட்டு வரச் சொன்னாங்க. ஏரிய கொண்டாந்துருவீங்களா?"

கொண்டுவருவேன். துணி துவைத்து மடித்துத் தயாராக இருக்கிறது. சாம்பார் கறையும் போய்விட்டது. பெண்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள், இன்னும் வேகமாக ஓடுவார்கள். இந்த முறை என் வெடி தேவையில்லை, விருந்தினருக்குக் கேட்டில் வைக்கிற வெடியையே குறியாக வைத்துக்கொள்கிறோம், அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் சரி.

ஆனால் ஏரி வர வேண்டுமென்றால் கல் பதிக்கிறதற்கு முன்னால் ஒன்று நடக்க வேண்டும். இதை வாய்ச்சொல்லாக வாத்தியாரிடம் சொல்லி அனுப்பாமல் எழுத்தில் தருகிறேன். அந்த மேடை யாரால் வந்தது? ஒரு ஏரியால். ஏரி யாரால் வந்தது? பதினேழு பேருக்குக் கீழே பதினெட்டாவதாகப் போட்டால் போதும், மேலே கேட்கவில்லை. வாசகத்துக்கு யாரும் யோசிக்க வேண்டாம். மேடம், உங்கள் கைப்பையில் ஒரு சீட்டு நான்காக மடித்து இருக்கும். நீங்களே எழுதியது, நான் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தது. அதை எடுத்துக் கல் வெட்டுகிறவரிடம் அப்படியே கொடுத்துவிடுங்கள். இனிஷியலை விட்டுவிடாமல் வெட்டச் சொல்லுங்கள்.